பேசின் பிரிட்ஜ், இன்னொரு டேக்

1994 ஜூன் 3, வெள்ளி

அப்பா இன்று டெலிபோனை இடது காதில் வைத்துப் பேசினார்.

எப்போதும் வலது காதுதான். ரிசீவரை வலது தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் மேஜைமேல் தாளம் தட்டியபடியே பேசுவார். இன்று வலது பக்கம் வைத்து இரண்டு தடவை "ஹலோ" சொன்னார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல மறுபக்கம் மாற்றிக்கொண்டார். ஃப்ளோரா அத்தை பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கவில்லை.

பேசியது கேசட் கம்பெனி நவநீதன் சார். விஷயம் உறுதியாகிவிட்டது. அப்பாவின் சொந்த ட்யூன்களை மட்டும் வைத்து ஒரு கேசட் போடுகிறார்கள். அட்டையில் அப்பாவின் பெயரும் படமும். அப்பா ரிசீவரை வைத்துவிட்டு, "பென்னி, ஒரு காபி போடு. இல்ல, ரெண்டு போடு, நீயும் குடி" என்றார்.

நான் காபி குடிப்பதில்லை. இன்று குடித்தேன்.

ஜூன் 4, சனி

எதிர்ப் பள்ளியில் முதல் மணி அடிக்கும்போது பாத்திரம் முடிந்தது. இரண்டாவது மணிக்குள் ஹாலைப் பெருக்கினேன். சனிக்கிழமையும் அவர்களுக்கு அரை நாள் பள்ளி உண்டு.

பிறகு வைப்ஸைத் துடைத்தேன். எங்கள் ஹாலில் சாப்பாட்டு மேஜை கிடையாது. அது இருக்க வேண்டிய இடத்தில் வைப்ரஃபோன் நிற்கிறது. தெரியாதவர்கள் பார்த்தால் பெரிய இரும்புக் கட்டில் என்று நினைப்பார்கள். மேலே வரிசையாக அலுமினியப் பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு குழாய். குழாயின் வாயில் சின்னத் தட்டுகள் மோட்டாரில் சுற்றும். கம்பளி நூல் சுற்றிய குச்சியால் பட்டையைத் தட்டினால் சத்தம் அலை அலையாக வரும். காலால் மிதியை அழுத்தியிருக்கும்வரை நிற்காது. குச்சிகளுக்கு நூல் சுற்றுவது என் வேலை. இறுக்கிச் சுற்றினால் மணி அடிப்பதுபோலவும், தளரச் சுற்றினால் யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோலவும் கேட்கும்.

சாயங்காலம் வழக்கம்போல அத்தை அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் காதில் பூண்டு எண்ணெய் ஊற்றினாள்.

"வலதுல இன்னும் ரெண்டு சொட்டு விடுக்கா" என்றார் அப்பா.

"ஏன்டா, வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. விடு."

ஜூன் 9, வியாழன்

அம்மா மஸ்கட்டிலிருந்து பேசினாள். ஆஸ்பத்திரியில் டியூட்டி மாறிவிட்டதாம், இனி வியாழக்கிழமைதான் கூப்பிட முடியுமாம். "மறுபடி ஸ்கூல் பத்தி யோசிச்சியா?" என்றாள். "ம்" என்றேன். அப்புறம் லைன் சரியில்லை.

மதியம் ரேடியோவில் பழைய பாட்டு ஒன்று. நாயகி தூங்கிப்போகிறாள், கனவு தொடங்குகிறது, உடனே டிங்ங்ங் என்று மேலிருந்து இறங்குகிறது. அத்தை அரிசி களைந்துகொண்டே, "உங்கப்பன் வந்துட்டான்" என்றாள். எங்கள் வீட்டு வேடிக்கை இது. அப்பா கோடம்பாக்கத்தில் இருபத்தைந்து வருடமாக வாசிக்கிறார். சினிமாவில் யாருக்காவது கனவு வந்தாலோ, பழைய ஞாபகம் வந்தாலோ, பேய் வந்தாலோ அப்பாவைக் கூப்பிடுவார்கள். பாட்டில் மூன்று இடம், நான்கு இடம். மற்ற நேரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எந்தப் படத்தின் தலைப்பு அட்டையிலும் அவர் பெயர் வந்ததில்லை. வாத்தியக்காரர்கள் மட்டும் "வைப்ஸ் ரெஜி" என்பார்கள். முழுப் பெயர் ரெஜினால்டு செல்லையா.

அதற்கு முன்னால் மவுண்ட் ரோடு ஓட்டல் ஒன்றில் ஜாஸ் வாசித்தார். பத்தொன்பது வயதில் சேர்ந்தாராம். ஊரைவிட்டுப் போன ஒரு கப்பல் வாத்தியக்காரரிடம் இந்த வைப்ஸை வாங்கியது அப்போதுதான். அந்த நாளில் நான்கு பேர் சேர்ந்து ஒரு சின்ன இசைத்தட்டு போட்டார்கள். பக்கத்துக்கு ஒரு ட்யூன். அப்பா பெயரில் வந்தது அது ஒன்றுதான். எங்களிடம் இருக்கும் தட்டின்மேல் அத்தை ஒருமுறை சூடான குழம்புச் சட்டியை வைத்துவிட்டாள். இப்போது ஊசி மேடு பள்ளத்தில் போகும் மாட்டு வண்டிபோல ஏறி இறங்கும். ஆனாலும் போடுவேன். இன்றும் போட்டேன். தட்டு வளைந்தாலும் அப்பாவின் அடி மட்டும் இடம் தப்புவதே இல்லை. கடிகாரத்தோடு பிறந்தவர்போல வாசித்திருக்கிறார்.

இப்போது ஸ்டூடியோவில் ஒரு கீபோர்டில் எல்லாம் வந்துவிட்டது. கனவுக்கும் அதிலேயே ஒரு பட்டன் இருக்கிறதாம். இந்த வருடம் அப்பாவுக்கு அதிகம் அழைப்பு வரவில்லை. அதனால்தான் இந்தக் கேசட்.

ஜூன் 14, செவ்வாய்

ரெக்கார்டிங். நானும் போனேன். குச்சிப் பையையும் ஃப்ளாஸ்க்கையும் தூக்க ஆள் வேண்டும் என்று அப்பா சொன்னார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ரெக்கார்டிஸ்ட் சம்பந்தம் சாருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். யாரும் என்னிடம் பேசவில்லை. நன்றாக இருந்தது.

நான்கு பேர். அப்பா, ஒரு டிரம்ஸ்காரர், ஒரு கிடார்காரர், பேஸ் கிடார் வாசிக்கும் ஆல்பி அங்கிள். அங்கிள் ஓட்டல் நாளிலிருந்து அப்பாவோடு இருப்பவர். பிறகு வேறொரு இடத்தில் வயலின்களைச் சேர்க்க வேண்டும் என்று நவநீதன் சார் சொல்லியிருப்பதால், எல்லோர் ஹெட்ஃபோனிலும் கிளிக் ஓடியது. டிக் டிக் என்று தாளம் சொல்லும் சத்தம். சினிமாக்காரர்கள் ஹெட்ஃபோனை ஒரு காதில்தான் மாட்டுவார்கள். ஒரு காதுக்குக் கிளிக், திறந்திருக்கும் காதுக்குத் தங்கள் வாத்தியம். அப்பாவுக்கு எப்போதும் கிளிக் வலது காதில். இன்றும் மாற்றவில்லை.

நான்கு ட்யூன் எடுத்தார்கள். கேசட்டின் முதல் பக்கம் முழுவதும் முடிந்தது. கடைசியாக 'பேசின் பிரிட்ஜ்'. சென்ட்ரல் பக்கத்தில் வந்தும் சிக்னல் கிடைக்காமல் நிற்கும் வண்டியில் உட்கார்ந்திருப்பதைப்பற்றி அப்பா செய்த மெதுவான ட்யூன்.

முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். சம்பந்தம் சார் திரும்பி, "உங்கப்பா இன்னிக்கு வேற மாதிரிம்மா. என்னா ஃபீல்!" என்றார்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிப்பார். இன்று திறந்திருந்தார். முழு நேரமும் ஆல்பி அங்கிளின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 15, புதன்

நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 16, வியாழன்

சம்பந்தம் சார் கேட்டுப் பார்க்க ஒரு கேசட் கொடுத்தனுப்பியிருந்தார். அப்பா வெளியே போனதும் போட்டேன். பிறகு வளைந்த தட்டைப் போட்டேன். பிறகு மறுபடி கேசட்டை.

அப்பா தாமதமாக வாசிக்கிறார். ஒவ்வொரு அடியும் மயிரிழை தாமதம். மாடிப்படியில் கடைசிப் படி இருக்கும் என்று நினைத்துக் காலை வைத்தால், அது கொஞ்சம் தள்ளி இருப்பதுபோல. மற்ற மூவரும் சரியாக இருப்பதால் கேட்பவர்களுக்கு அது ஒரு சொகுசுபோலத் தெரிகிறது. ஜாஸில் சிலர் வேண்டுமென்றே அப்படி வாசிப்பார்களாம். அப்பா வாசிக்க மாட்டார். "வண்டி நேரத்துக்கு வரணும், அதுக்கப்புறம்தான் அழகெல்லாம்" என்பார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா அத்தையிடம் சொன்னார்: "இந்தக் கேசட் வந்ததும் வைப்ஸைக் குடுத்துடலாம்னு இருக்கேன்க்கா. அடையாறுல ஒருத்தன் கேட்டுட்டே இருக்கான்."

"அப்பாடா. ஹால்ல மேஜை போடலாம்" என்றாள் அத்தை. பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா, நெஜமாவா சொல்ற?" என்றாள்.

அவர் பதில் சொல்லவில்லை. அத்தை அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 19, ஞாயிறு

கோயிலுக்குப் போய்வந்தோம். கோழிக் குழம்பு. ஆல்பி அங்கிள் சாப்பிட வந்தார். பாயில்தான் சாப்பிட்டோம். அவர் முட்டி மடங்காது, எப்போதும் வைப்ஸின் காலில் சாய்ந்துகொண்டு சாப்பிடுவார்.

"ரெஜி, அந்த ஸ்லோ ட்யூன் இருக்கே மேன், கொன்னுட்ட! அப்படியே பின்னாடி சாஞ்சுக்கிட்டு வர்ற. முப்பது வருஷமா உங்கூட வாசிக்கிறேன், இப்பதான் உனக்கு வயசு வந்திருக்கு."

"அம்பத்தொண்ணுலயா வயசுக்கு வருவான்? சடங்கு செஞ்சிடலாமா?" என்றாள் அத்தை.

"சிரிக்காதீங்க சிஸ்டர். எம்பசங்களுக்குப் போட்டுக் காட்டினேன். இதான்டா ஃபீல், கத்துக்குங்கடான்னேன்."

அப்பா தட்டில் எலும்பை இங்கிருந்து அங்கே நகர்த்தினார். அங்கிளுக்கு ரசம் ஊற்ற நான் குனிந்திருந்தேன்.

"அது ஃபீல் இல்ல அங்கிள்."

சொன்னது நான்தான். எல்லோரும் என்னைப் பார்த்ததால் தெரிந்தது.

"என்னம்மா?"

"அப்பாவுக்கு கிளிக் கேக்கல. உங்க விரலப் பாத்து வாசிச்சாரு. நீங்க கம்பிய இழுத்தப்புறம்தான் அவர் அடிக்கிறாரு."

"பாருடா, இந்தப் பொண்ணுக்குக் குரல் இருக்கு மேன்!" என்று அங்கிள் சிரித்தார். அப்பாவைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினார்.

அப்பா எழுந்து கை கழுவிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். அங்கிள் மெதுவாக, "ரெஜி, பொண்ணு சொல்றது..." என்று கூப்பிட்டார். அப்பா திரும்பவில்லை. கேட்காமலா, கேட்டுமா என்று யாருக்கும் தெரியவில்லை.

ரசம் பாயில் கொட்டியிருந்தது. துடைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது எனக்குப் பதில் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். டீச்சர் நிமிர்ந்து பார்க்காமல் வராதவள் என்று குறித்துக்கொள்வார். நான் முன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். வருடக் கடைசியில் வருகை போதாது என்று பரீட்சைக்கு விடவில்லை. அதற்குப் பிறகு நான் போகவில்லை. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 20, திங்கள்

அப்பா இன்று தானே காபி போட்டுக் குடித்தார். குச்சிகளுக்கு நூல் சுற்றினேன். சரியாக வரவில்லை. பிரித்துவிட்டேன்.

ஜூன் 21, செவ்வாய்

துணி காயப்போட பால்கனிக்குப் போனபோது அப்பா அங்கே இருந்தார். நகர்ந்து இடம் விட்டார். நான் அவருக்கு இடது பக்கம் நின்றேன்.

"எவ்ளோ நாளா தெரியும்?"

"நீங்க போனை இடது காதுக்கு மாத்தின அன்னிக்குலேர்ந்து."

"அக்காவுக்குத் தெரியாது. ஆல்பிக்குத் தெரியாது. சம்பந்தத்துக்கு, மெஷினே வெச்சிருக்கான், அவனுக்குத் தெரியாது." கொடியில் ஒரு துணியை நேராக இழுத்துவிட்டுச் சொன்னார்: "எங்கப்பா பெரம்பூர் ரயில் பட்டறையில பாய்லர் பக்கம் வேலை. அம்பது தாண்டினதும் காது போயிடுச்சு. நாங்க கத்தினாலும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவாரு. நான் ஓட்டல்ல வாசிக்கிறேன்னு ஒருநாள் கூட்டிட்டுப் போனேன். முன்னால உக்காந்து தலையாட்டினாரு. ட்யூன் முடிஞ்சது. அப்பவும் தலையாட்டிக்கிட்டே இருந்தாரு."

நான் ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கும் அதான் பென்னி. அதுக்குள்ள ஒரு கேசட் போட்டுடலாம்னு பாத்தேன்."

"டாக்டரப் பாத்தீங்களா?"

"பாத்து? ஆமாம்னு சொல்லுவாங்க."

"இல்லன்னும் சொல்லலாம்ல" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இவ்வளவு தொடர்ந்து பேசி அவர் பார்த்ததில்லை. ஒரு கிளிப்பை எடுத்து என் கையில் கொடுத்தார்.

ஜூன் 22, புதன்

முதலிலிருந்து எழுதுகிறேன்.

காது டாக்டர் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. அத்தையும் கூட வந்தாள். டாக்டர் நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு அப்பாவின் வலது காதுக்குள் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், நான் அவருடையதைப் பிடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"யார் எண்ணெய் ஊத்துறது?"

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான்தான் டாக்டர். சனிக்கிழமை தவறாம. பூண்டு போட்டு, வெதுவெதுன்னு."

"நல்லா தாளிச்சிருக்கீங்க. உள்ள பூஞ்சை பிடிச்சு அடைச்சுக் கெடக்கு."

"அய்யோ, எங்க வீட்ல எல்லாருக்கும் அதாங்க பழக்கம்!"

"அப்ப எல்லாரையும் வரிசையா கூட்டிட்டு வாங்க."

ஒரு சின்னக் குழாயை வைத்து உறிஞ்சினார். சர்ரென்று சத்தம். ஈரச் செய்தித்தாளைக் கசக்கியதுபோல ஒன்று வந்தது, கறுப்புப் புள்ளிகளோடு. இன்னொன்று வந்தது. அப்பா நாற்காலியில் துள்ளினார்.

"வலிக்குதா?"

"இல்ல. நீங்க கத்துறீங்க."

"நான் சாதாரணமாத்தான் பேசுறேன்."

பக்கத்து அறையில் உட்காரவைத்து மெஷினில் சோதித்தார்கள். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "நரம்பு நல்லாயிருக்கு. வயசுக்கு இது ரொம்ப நல்லாவே இருக்கு. சொட்டு மருந்து தர்றேன். எண்ணெய், தண்ணி எதுவும் உள்ள போகக் கூடாது" என்றார்.

அப்பா நம்பவில்லை. "எங்கப்பாவுக்குக் காது போயிடுச்சு டாக்டர். பாய்லர் வேலை."

"நீங்களும் பாய்லரா?"

"இல்லைங்க. வைப்ஸ்."

"அப்படின்னா?"

அப்பா யோசித்தார். அத்தை முந்திக்கொண்டு, "சினிமால கனவு வரும்ல டாக்டர், டிங்ங்ங்னு, அது இவன்தான்" என்றாள்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். "அது நீங்களா?"

வெளியே வந்ததும் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அப்பா வலது காதைப் பொத்திக்கொண்டு, "என்னடி இது, இந்த ஊர் இவ்ளோ சத்தமா போடும்!" என்றார். பழச்சாற்றுக் கடை மிக்ஸியின் முன் நின்றார். சில்லறை எண்ணும் கண்டக்டரிடம் நின்றார். வேப்பேரி ஹைரோடு முழுவதும் ஒவ்வொரு சத்தத்தையும் விசாரித்துக்கொண்டு நடந்தார். அத்தை பின்னால் அழுதுகொண்டே வந்தாள். "நானே என் தம்பி காதைக் கெடுத்துட்டேனே" என்றாள். அப்பா, "விடுக்கா, அதான் இப்ப தெறந்துடுச்சே" என்று அவளுக்கு ஒரு கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார்.

நான் இரண்டு குடித்தேன்.

ஜூன் 25, சனி

எண்ணெய் இல்லாத சனிக்கிழமை. அத்தைக்குக் கை பரபரவென்று இருந்தது. என்னைக் கூப்பிட்டுத் தலைக்கு வைத்துவிட்டாள்.

அப்பா காலையிலிருந்து வாசித்தார். கண்ணை மூடிக்கொண்டு.

ஜூலை 2, சனி

முதல் பக்கத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்று அப்பா கேட்டார். நவநீதன் சார் ஒப்புக்கொள்ளவில்லை. "கேட்டவங்க எல்லாரும் ஃபீலுங்கிறாங்க சார். நல்லா இருக்கிறதைப் போய் ஏன்?" என்றாராம். புது டேப்பும் கிடையாது.

சம்பந்தம் சார் மட்டும், அவருக்கு அரை நாள் ஸ்டூடியோ சும்மா இருக்கும்போது வரச் சொன்னார். ஆனால் பழைய டேப்பின் மேலேயே எடுக்க வேண்டும். எடுக்க எடுக்கப் பழையது அழிந்துவிடும். இடையில் சரியாக வராமல் போனால் அதுவும் இருக்காது, இதுவும் இருக்காது. பாதிக் கேசட்டை யாரும் வெளியிட மாட்டார்கள்.

ஆல்பி அங்கிள் படியில் நின்று சொன்னார்: "உண்மையச் சொல்றேன் ரெஜி. எனக்குப் பழசுதான் பிடிச்சிருக்கு. ரெண்டாவது சான்ஸ் நமக்கெல்லாம் யாரும் குடுக்க மாட்டான் மேன். இதையும் தொலைச்சிடாத."

அப்பா, "தாமதம்னு தெரிஞ்சப்புறம் என் பேர எப்படிப்பா அதுல போடுறது?" என்றார். ஆனால் குரல் அவ்வளவு உறுதியாக இல்லை.

ஜூலை 8, வெள்ளி

காலையில் ஸ்டூடியோ. அதே ஸ்டூல். முதலில் 'பேசின் பிரிட்ஜ்' எடுப்பதாக முடிவு. அது வந்தால் மற்றவை வரும் என்றார் அப்பா.

டேப் ஓடாமல் ஒரு ஒத்திகை பார்த்தார்கள். அப்பா ஹெட்ஃபோனை வலது காதில் மாட்டினார். மோட்டாரைப் போட்டார். வாசித்தார். தாமதம். அதே மயிரிழை. காது கேட்கிறது, ஆனால் கண் இன்னும் ஆல்பி அங்கிளின் விரலில் இருந்தது. காது அடைந்திருந்தபோது பிடித்துக்கொண்ட பழக்கம்.

பாதியில் அப்பாவே நிறுத்தினார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குச்சிகளைக் கீழே வைத்தார். வைப்ஸின் சக்கரப் பூட்டுகளைக் காலால் தட்டிவிட்டு, முழு வாத்தியத்தையும் தள்ளித் திருப்பினார். இப்போது அவர் முதுகு ஆல்பி அங்கிளைப் பார்த்து இருந்தது, முகம் வெறும் சுவரைப் பார்த்து.

"என்ன மேன், கோவமா?" என்றார் அங்கிள்.

"இல்லடா. உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு."

டேப் ஓடாமலேயே மறுபடி தொடங்கினார்கள். முதல் அடி விழுந்தது. இரண்டாவது. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில், படி இருக்கும் என்று கால் வைத்த இடத்திலேயே படி. சத்தம் அதற்குப் பிறகுதான் அலை அலையாக விரிந்தது. சிக்னலுக்காக நிற்கும் வண்டி, ஜன்னல், தூரத்தில் சென்ட்ரல் விளக்குகள் எல்லாம் வந்தன. நடுவில் ஓரிடத்தில் பேஸ் விட்டுப்போனது. ஆல்பி அங்கிள் வாசிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ட்யூன் முடிந்தது. பிறகு அங்கிள், "இத்தனை நாளா எங்கடா போயிருந்த?" என்றார். மூக்கை உறிஞ்சினார்.

சம்பந்தம் சார் உள்ளே பேசும் மைக்கின் பட்டனை அழுத்தினார். "ரெஜி சார், டேக் போலாமா? நல்லா யோசிச்சுக்குங்க. நான் ஒத்திகையை எடுக்கல. இப்ப ஓட்டினா பழசு போயிடும். திரும்ப வராது."

அப்பா சுவரைப் பார்த்தபடியே நின்றார். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. "பென்னி அங்க இருக்காளா? இப்ப நேரத்துக்கு வந்துச்சான்னு அவளக் கேளுங்க. அவ சரின்னா போலாம்."

சம்பந்தம் சார் என் பக்கம் திரும்பினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை.

டேப் மெஷின் என் கை எட்டும் தூரத்தில் இருந்தது. ரெக்கார்ட் செய்ய இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்த வேண்டும்.

எழுந்துபோய், இரண்டையும் சேர்த்து அழுத்தினேன்.